ராஜாவின் ஆணையை மறுக்கும் விதி

மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய அட்டைப் பெட்டியில் எங்களுக்கு ஆங்கிலம் வளர்வதற்கான புத்தகங்கள் இருந்தன. அவர் குடியிருந்த அடுக்குமாடியில் ஏதோ ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனவை. சமையல் புத்தகங்கள், ஒரு இலக்கணம், படம் போட்ட அகராதி; எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். அதன் அட்டையில் கொம்பு முளைத்த ஒரு மிருகம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்த மாத்திரத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள். பொறையாறில் எங்கள் தெருவில் பாதிப் பேர் லுத்தரன் சபை. போதகர் வேறு அடிக்கடி வந்து காபி குடித்துவிட்டுப் போவார். ஆனால் கூடப்பிறந்த தம்பி அனுப்பியதைத் தூக்கிப் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை. பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிளில் 'ஆங்கிலம்' என்று எழுதி, அலமாரியில் வைத்துவிட்டாள். பிசாசுக்கு அதுவே போதும் என்று நினைத்திருக்கலாம்.

அதைப் படிக்க முடிந்தவள் எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திதான். காரைக்காலில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு எட்டு. இருவரும் தமிழ் மீடியம். பின் தெருவிலிருந்த அத்தை மகன் இங்கிலீஷ் மீடியம்தான் என்றாலும், மனப்பாடம் செய்ததைத் தவிர வேறு ஆங்கிலத்தை அவன் நம்புவதில்லை. அவனை நாங்கள் அத்தான் என்று கூப்பிட்டோம்.

அரையாண்டு விடுமுறையில் அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, இது கதைப் புத்தகம் இல்லை, ஒரு ஆட்டத்தின் விதிப் புத்தகம் என்றாள். பலகையும் காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்தில் தான் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். அந்தப் பகடைக்கு இருபது முகம். அப்படி ஒன்றை அப்பா கும்பகோணம் வரை விசாரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அக்கா கோயில் திருவிழாத் தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட வில்லைகளை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் போதும்.

தம்பி மல்லனானான். அத்தான் மந்திரவாதி. எந்தப் பூட்டையும் திறக்கும் பெண்ணாக நான் ஆனேன். புத்தகத்தில் இருந்த கோட்டையை அக்கா தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்தாள். அட்டையில் இருந்த மிருகம் கொள்ளிடத்து நாணலுக்குள் படுத்திருந்தது. அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, "இதுல இப்படிப் போட்டிருக்கு" என்பாள். நாங்கள் வேதம் வாசிப்பதைக் கேட்பதுபோலக் கேட்போம்.

ஈஸ்டருக்குப் பிறகு கதையில் இருந்த ராஜா அடிக்கடி ஆணை போடத் தொடங்கினார். அதற்கு ஏற்ற ஒரு விதியையும் அக்கா வாசித்துச் சொன்னாள். எந்தப் பாத்திரத்தையும் அதன் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. ராஜாவின் ஆணையையும் மறுக்கலாம். ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணம் நன்றாக இருந்தால் டம்ளரில் கை விடலாம்; பன்னிரண்டுக்கு மேல் வந்தால் தப்பித்தோம். தம்பிக்கு ஒருமுறை ஐந்து வந்தது. அவனுடைய மல்லன் ராஜா சொன்னபடி கொள்ளிடத்துக்குப் போய் அன்று சாயங்காலமே செத்தான். தம்பி சோறு சாப்பிட மறுத்தான்.

என்னைத்தான் ராஜா அதிகம் தொல்லை செய்தார். பூட்டுத் திறக்கும் பெண்ணை ஒரு வெளிநாட்டு வியாபாரியோடு கப்பலேறிப் போகச் சொன்னார். கப்பலில் எனக்கு வாந்தி வரும் என்றேன்.

"அது காரணமில்ல. வேற சொல்லு" என்றாள் அக்கா.

அந்த ஆளை எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டால் போவாயா என்று கேட்டாள். நான் திறக்க ஆரம்பித்த பூட்டு ஒன்று பாதியில் கிடக்கிறது என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் நல்லா சொல்ல முடியுதா பாரு" என்றாள். அத்தானைக்கூட அவள் இவ்வளவு படுத்தியதில்லை.

மே மாதம் மாமா லீவில் வந்தார். வரும்போதே ஒரு வரனும் கொண்டுவந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் சிநேகிதர், நாகப்பட்டினத்துக் குடும்பம், சபையும் ஒன்றுதான். மாமா ஈஸ்டர் சமயத்திலேயே போனில் அப்பாவிடம் பேசி வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்களைப் பொறுத்தவரை அது முறுக்கும் ரவா லாடும் செய்யப்படும் ஒரு சனிக்கிழமை.

மாமாவிடம் ஒரு லேப்டாப் இருந்தது. எங்கள் தெரு அதுவரை பார்க்காத பொருள். எங்கள் ஆட்டத்தைப் பற்றித் தம்பி போனில் அளந்ததைக் கேட்டு, ஆபீசில் யாரிடமோ விசாரித்து, அதே புத்தகத்தை முழுவதும் அதற்குள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இனிமே அந்தக் குண்டுப் புத்தகம் எதுக்கு? ஒரு வார்த்தைய அடிச்சா போதும், பக்கம் தானா வந்து நிக்கும்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா உரக்கடையை மதியத்துக்கு மூடிவிட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய் மின்விசிறி நின்றது, லேப்டாப் நிற்கவில்லை. தம்பி அதை ஒரு அற்புதமாகவே எடுத்துக்கொண்டான். புத்தகம் அக்காவின் மடியில் இருந்தவரை விதியெல்லாம் அவள் குரலில்தான் வந்தது. திரையை எல்லோரும் தலையை நீட்டிப் பார்க்க முடிந்தது.

தம்பி தன் மல்லன் செத்த விதியைத் தேடச் சொன்னான். மாமா ராஜா என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தார். கிரீடமும் குதிரையும் வந்தன, விதி வரவில்லை. ஆணை என்று அடித்தார். மறுப்பு என்று அடித்தார். சம்மதம் என்று அடித்தார்.

"அப்படி ஒண்ணும் இல்லயேடா" என்றார்.

"அக்கா நம்மள ஏமாத்தியிருக்கு" என்றான் அத்தான்.

"இவ்வளவு நாளா வாயில வந்ததயா சொல்லிக்கிட்டிருந்த?" என்று அம்மா முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். மாமா சிரித்தார். அது என்ன விதி, முழுசாகச் சொல்லு என்று தம்பியிடம் கேட்டார். தம்பி மனப்பாட வசனம்போல ஒப்பித்தான்: சம்மதம் இல்லாமல் யாரையும் எங்கும் அனுப்ப முடியாது, ராஜாவே சொன்னாலும் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டும். ஒப்பித்து முடிப்பதற்குள் மாமாவின் சிரிப்பு குறைந்துவிட்டது.

அக்கா எழுந்துபோய் பிரவுன் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துவந்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் அழவில்லை. நாங்கள் ஒருநாளும் பார்க்காத முன்பக்கங்களில் ஒன்றைப் பிரித்து மாமாவின் கையில் கொடுத்தாள். மாமா ஆங்கிலத்தில் முணுமுணுவென்று படித்தார். பிறகு எங்களுக்காகச் சொன்னார்.

"ஆட்டத்த நடத்துறவங்க எந்த விதியையும் மாத்திக்கலாம், புதுசாவும் சேத்துக்கலாம்னு போட்டிருக்கு."

அத்தானுக்குச் சந்தேகம் தீரவில்லை. அது பழைய புத்தகம், இதிலும் இருக்கிறதா பாருங்கள் என்றான். மாமா திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டுபோனார். முதல் பக்கங்களில் அதே பத்தி, அதே எழுத்தில் இருந்தது.

"தேடினப்ப ஏன் வரல?" என்றான் தம்பி.

"நாம தேடுன வார்த்த எதுவும் இதுல இல்ல" என்றார் மாமா.

மாமா டம்ளரைக் கையில் எடுத்து, உள்ளே இருந்த வில்லைகளைக் குலுக்கிப் பார்த்தார். எத்தனை வரவேண்டும் என்று கேட்டார்.

"பன்னண்டுக்கு மேல" என்றாள் அக்கா.

"கம்மியா வந்தா?"

"போகணும்."

மாமா டம்ளரைத் தனக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

"டம்ளர் வேணாம். நீ காரணத்தச் சொல்லு."

அக்கா உட்காரவில்லை. தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். குரல் கடைசிவரை உயரவே இல்லை.

"மெட்ராஸ்ல எம்.ஏ.வுக்கு எடம் கெடச்சிருக்கு மாமா. ரெண்டு வருஷம். அவரு நல்லவருன்னு சொல்றீங்க, நல்லவராத்தான் இருப்பாரு. நான் அவரக் கொற சொல்லல. நான் ஆரம்பிச்சத முடிக்கணும். அப்பறம், என்கிட்ட யாருமே கேக்கல. நீங்க போன்ல பேசுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

அம்மாவின் முறம் நின்றது. அப்பா பேப்பரை மடித்தார். என்ன சொல்வாரோ என்று எல்லோரும் பார்த்தோம். அவர் அக்காவைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்து, "அவங்களுக்கு வார்த்த குடுத்தது நீங்கதான்" என்றார்.

"குடுத்தேன். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார் மாமா.

மறுநாள் அவர் நாகப்பட்டினம் பஸ்ஸில் தனியாகப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அக்காதான் பரிமாறினாள். சனிக்கிழமை யாரும் வரவில்லை. முறுக்கும் லாடும் மொத்தமாக எங்களுக்கே கிடைத்தன. அம்மா அக்காவோடு பேசாமலேயே அவளுடைய பெட்டிக்கு வேண்டிய துணிகளைத் துவைத்து மடித்தாள். மாமாவும் அந்தச் சிநேகிதரும் அதற்குப் பிறகு ஒரே அறையில் தங்கவில்லை என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். ஜூன் கடைசியில் அக்கா மெட்ராஸ் போனாள்.

எனக்கும் அத்தானுக்கும் அப்போது இருந்த குறை வேறு. டம்ளரில் கை விடாமல் மறுக்க விதியில் இடமே இல்லை. அந்த வசதி தம்பியின் மல்லனுக்குக் கிடைக்கவில்லையே. அதோடு அக்காவுக்கு ஆட்டத்தில் பாத்திரமும் கிடையாது. நடத்துகிறவள் நடுவில் எப்படி ஆட வரலாம்? நாங்கள் மூவரும் லாடு தின்றுகொண்டே இதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தோம். கடைசியில், மாமா ஆட்டத்துக்குப் புதியவர், விவரம் தெரியாமல் விட்டுக்கொடுத்துவிட்டார், அடுத்த லீவில் வரும்போது விதிகளைச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.