விட்டுப்போன ஊர்

ஏற்காட்டில் கந்தசாமியின் வண்டியில் ஏறியவர்களுக்கு ஊர் மறந்தாலும் அவருடைய பேச்சு மறக்காது. ஏரிக்கரையில் ஆளை ஏற்றி லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ரோஜாத் தோட்டம், சேர்வராயன் கோயில் என்று அரை நாளில் ஏழு இடம் காட்டி இறக்கிவிடும்போது, அவர்களுக்குக் கால் ஓய்ந்திருக்கும். இவருக்கு வாய் ஓய்ந்திருக்காது. அடிவாரத்திலிருந்து பிழைக்க மேலே வந்து முப்பத்தோரு வருஷம். வெள்ளக்கடையில் சொந்த வீடு, சொந்த வண்டி, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். இதில் கடைசியைத்தான் அவர் முதலில் சொல்வார்.

மகள் நந்தினி நான்கு வருஷமாக நெதர்லாந்தில், ஐந்தோவன் என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை ரஞ்சித்தைத் தேடிப் பிடித்தது கந்தசாமிதான். ஐரோப்பாவைப் பதினான்கு நாள் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று அப்பாவையும் அம்மாவையும் மகள் அழைத்திருந்தாள். விசாவுக்கு எந்தெந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காக அவள் அனுப்பிய பட்டியலில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் இருந்தன.

கந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர்களை எழுதிக்கொண்டு, தானே வண்டி ஓட்டப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். மலையில் குடியிருக்கிறவன் இன்னொரு மலையைப் பார்க்க விமானம் ஏறுவானா என்று சுவிட்சர்லாந்தை அடித்தார். பனிக்கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் திரும்புவதென்றால் தான் வரவே இல்லை என்றாள் மனைவி பார்வதி. மூன்று நாள் சண்டைக்குப் பிறகு சுவிட்சர்லாந்து ஜெயித்தது.

நான்காம் நாள்தான் அவருக்கு உறைத்தது. பட்டியலில் மகள் குடியிருக்கும் ஊர் இல்லை.

மறந்திருப்பாள் என்று போன் போட்டார். அவள் மறக்கவில்லை.

"அங்க பாக்க ஒண்ணுமில்லீங்கப்பா. எப்பப் பாரு மழை, மூட்டம். ரெண்டு நாளு வீணாப் போயிரும்" என்றாள். பாரிஸுக்கே வந்து அழைத்துக்கொள்வதாகவும், ரோமிலிருந்து ஏற்றி அனுப்புவதாகவும் சொன்னாள்.

போனை வைத்ததும் கந்தசாமிக்குச் சந்தேகம் தட்டியது. இந்தப் பேச்சு அவருடைய சொந்தச் சரக்கு. அடுத்த சவாரி காத்திருந்தால், "பகோடா பாயிண்ட்ல ஒரே பனிங்க, ஒண்ணுந் தெரியாதுங்க" என்று ஓர் இடத்தையே விழுங்கிவிடுவார். வானம் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் யாரும் மறுத்துப் பேசியதில்லை. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பதுபோல அவ்வளவு அக்கறையான குரல் அது. இன்று மகள் பேசியதும் அதே குரலில்தான்.

மறுநாள், முதல் மூன்று நாள் உன் வீட்டில் தங்கிவிட்டுப் பிறகு ஊர் சுற்றலாமே என்று கேட்டுப் பார்த்தார். வீட்டில் ரிப்பேர் வேலை நடக்கிறதாம், ரஞ்சித்துக்கு ஆபீஸில் வேலை அதிகமாம். அன்றைக்கே புதுப் பட்டியல் வந்தது. வியன்னாவும் பிராகும் சேர்ந்திருந்தன. ஊர் கூடக் கூட அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு உடம்புக்கு ஏதாவதா, மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதா என்று கண்டதையும் நினைத்தார். பார்வதியிடம் சொன்னபோது அவள் பதறவே இல்லை. பிராகில் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அதுதான் அவரை உலுக்கியது.

என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்றார். பார்வதி சொல்லிவிட்டாள். நந்தினி ரஞ்சித்தை விட்டு வந்து எட்டு மாதம். கை நீட்டுகிற மனுஷன். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது அதே ஊரில் ஒற்றை அறையில் தனியாக இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாள்.

கந்தசாமிக்கு மாப்பிள்ளைமேல் வந்த ஆத்திரத்தைவிட, எட்டு மாதமாகத் தன்னை வெளியே நிறுத்திவைத்தார்கள் என்பதுதான் அதிகம் சுட்டது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினார்.

"வாழவந்தியில என்ன பேசிட்டு வந்தீங்கன்னு நெனச்சுப் பாருங்க" என்றாள் பார்வதி.

நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. அவருடைய தம்பி வாழவந்தியில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தம்பி மகள் இளவரசி போன வருஷம் புருஷனை விட்டுவிட்டு வீடு திரும்பினாள். நியாயம் பேச எல்லோரும் கூடிய இடத்தில், பத்துப் பேர் முன்னால், பரிமாறிய தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர் கந்தசாமி. கட்டிக்கொடுத்த பெண் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் இனிக் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து நனைக்கவும் இல்லை. அதைப் பெருமையாக மகளுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவரேதான். அந்தப் பக்கம் அடிபட்ட கன்னத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார். அவனைத் தேடிக் கொடுத்தவன் நான்தானே என்று சொல்ல நினைத்தார், வாயில் வரவில்லை.

"பாரிசும் வேண்டாம், ரோமும் வேண்டாம் கண்ணு. பதினாலு நாளும் உன்ற ஊட்லயே இருக்கறோம்" என்றார்.

நந்தினி அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"இளவரசியக்கா ஊட்ல சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். "சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் லிஸ்ட்ல எங்க ஊரை எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூட்டம் நெரியும். கந்தசாமி யாரையும் ஏற்றாமல் வாழவந்திக்கு வண்டியை விட்டார். பெற்றவனுக்கே நிபந்தனையா என்று வழியெல்லாம் கோபமாகத்தான் இருந்தது. தம்பி வீட்டில் இல்லை. வாசலுக்கு வந்த இளவரசி, வாங்க பெரியப்பா என்று சொன்னாளே தவிர, நகர்ந்து வழிவிடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சோறு இருக்குதா சாமி?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "நந்தினி சொன்னாளுங்களா, நீங்களா வந்தீங்களா பெரியப்பா?"

அப்படியென்றால் இவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. நல்லபடியாகச் சொன்னால் அவள் நம்பிவிடுவாள்; அதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவ சொல்லித்தான் வந்தேன்" என்றார்.

இளவரசி உள்ளே போனாள். கந்தசாமி செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"நேத்து வெச்ச கொழம்புதானுங்க இருக்குது. உள்ள வாங்க."