நான் இரண்டு முறை துண்டித்த அழைப்பு

மாலை நாலு ஐம்பதுக்கு என் கைபேசி அடித்தது. போன ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மதியம் இரண்டுக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வர முடியும். பட்டறையில் ஒரு உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அழைத்தது, மந்தாரக்குப்பத்தில் என் மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர்.

"சார், பாப்பா இன்னைக்கு ஏன் வரல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவிட்டு வந்ததும் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் கிளம்பி நாலேகாலுக்கெல்லாம் டியூஷனில் இருப்பாள். மனைவி அன்று சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டு போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

அந்த நிமிடமே எனக்கு அந்த மாடிக்காரர் ஞாபகம்தான் வந்தது.

டீச்சர் வீட்டு மாடியில் மூன்று மாதமாக ஒருவர் தனியாகக் குடியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குடும்பம் இல்லை, வேலைக்கும் போவதில்லை. டிவி சீரியலுக்கு எழுதுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். டீச்சர் ஒரு வாரம் முழுக்க அந்த சீரியலின் டைட்டிலை உன்னிப்பாகப் பார்த்தும் அவர் பெயர் வரவில்லை. இதை டீச்சர் என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதற்கு மேல், "மாடியில பொம்பள அழுவுற சத்தம் கேக்குதுங்க சார், போய்ப் பாத்தா அவர் மட்டும்தான் இருக்காரு" என்று வேறு சொன்னார். என் மகளோ வீட்டுக்கு வந்தால் 'கதை அங்கிள்' பேச்சுதான். நம் ஊர் ஷிப்ட் பற்றியெல்லாம் அவர் கேட்டுக் குறித்துக்கொள்கிறாராம். ஒரு சின்னப் பெண்ணிடம், அப்பா எப்போது வீட்டில் இருப்பார், எப்போது இருக்கமாட்டார் என்று ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? மாடிக்குப் போகக்கூடாது என்று ஒருமுறை அதட்டினேன். அத்தோடு விட்டுவிட்டேன். அது என் தப்பு.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என்னோடு வேலை செய்யும் கான்ட்ராக்ட் தம்பி ஒருவன், பக்கத்துக் கிராமத்துப் பையன், தன் பைக்கை எடுத்தான். மாடிக்காரர் மேல்தான் சந்தேகம் என்றேன்.

"ஏறுங்கண்ணே, பேசிக்கினே போலாம். யாரு, அந்த மாடி வூட்டு ஆளா? டீக்கடைல தனியா பேசிக்கினு இருப்பான்ணே. ஒருநா என்னைப் பாத்து, 'உன் சொந்தத் தம்பியே உனக்கு விஷம் வச்சா நீ மொதல்ல என்ன சொல்லுவே'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"எனக்குத் தம்பியே இல்லன்னேன். அதையும் எழுதிக்கினாண்ணே."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். மாடிக் கதவு பூட்டியிருந்தது, இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. மாடிக்காரர் எண்ணுக்கு அடித்தோம். பூட்டிய கதவுக்கு உள்ளேயே மணி கேட்டது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் தெரிந்தேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. டீச்சரிடம் மாற்றுச் சாவி இருந்தது. திறந்தோம்.

ஒரு பாய், ஒரு மேஜை, நிறையத் தாள்கள். சுவரில் ஒரே ஒரு படம். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கன்னத்தில் கண்ணீர் வழிய நேராக நம்மைப் பார்க்கிறான். எந்த மனுஷன் அழுகிற குழந்தையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவான்? மேஜை மேல் கிடந்த தாளை எடுத்தேன்.

'புதன். அப்பா செகண்ட் ஷிப்ட், காலையில்தான் வருவார். அம்மா ஊரில் இல்லை. பெண் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்புகிறாள். டியூஷன் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போகிறாள். பஸ் ஸ்டாப்பில் சைக்கிளை விடுகிறாள்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. மேலே உள்ளதே போதும் என்றாகிவிட்டது. அன்று புதன். எனக்கு செகண்ட் ஷிப்ட். மனைவி ஊரில் இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று இந்த நேரத்திலா என நினைத்துத் துண்டித்தேன். தெரியாத எண்களை நான் எடுப்பதே இல்லை. வீட்டிலும் அதுதான் சட்டம்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினோம். தாளில் எழுதியிருந்த மாதிரியே டீக்கடை ஓரம் என் மகளின் நீலச் சைக்கிள் நின்றது.

"பாப்பா வடலூர் பஸ்ல ஏறுச்சே," என்றார் டீக்கடைக்காரர். "அந்த மாடி வூட்டுக்காரரும் வடலூர் பஸ்லதான் போனாரு. செருப்புகூட இல்லாம ஓடியாந்தாரு."

ஒரே பஸ்ஸா, அடுத்தடுத்த பஸ்ஸா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்தவர் கடத்தத் திட்டம் போட்டவராக இருக்க முடியுமா என்று யோசிக்கவும் இல்லை. மறுபடி அதே எண். மறுபடி துண்டித்தேன். மனைவிக்கு என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

"ஸ்டேஷனுக்குப் போலாம்ணே," என்று தம்பி பைக்கைத் திருப்பினான். அப்போது வடலூரிலிருந்து வந்த பஸ் நின்றது. மணி ஆறு ஐந்து.

முதலில் இறங்கியவள் என் மகள். முகம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவர், வெறுங்காலோடு.

நான் எதையும் கேட்கவில்லை. அவர் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து டீக்கடைச் சுவரில் தள்ளினேன். பட்டன் இரண்டு தெறித்தது. கூட்டம் கூடியது. அடிங்க சார் என்று யாரோ சொன்னார்கள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

"பாப்பா பாக்குது சார்," என்று மட்டும் சொன்னார்.

"அப்பா, விடுப்பா. நான்தாம்ப்பா தனியா போனேன். அங்கிள் என்னைக் கூட்டியாரத்தான் வந்தாரு." அவள் என் முழங்கையில் தொங்கினாள். "உனக்கு ரெண்டு தடவ போன் பண்ணாருப்பா, கண்டக்டர் போன்லேர்ந்து. நீதான் எடுக்கல."

என் கை தானாகத் தளர்ந்தது.

விஷயம் இதுதான். சின்னத்திரைக்குக் குழந்தைகள் தேவை என்று டியூஷன் தெருக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வடலூரில் ஒரு லாட்ஜ் மாடி, புதன் மாலை. போகலாமா என்று மகள் மாடிக்காரரிடம் கேட்டிருக்கிறாள். போகவே கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். மாடியில் நின்றவர், சைக்கிள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போவதைப் பார்த்திருக்கிறார்.

"நான் எழுதுன சீன் சார் அது," என்றார். தொண்டை கம்மியிருந்தது, என் பிடியால். "ஷிப்ட் தப்பா எழுதியிருந்தேன், பாப்பாதான் திருத்துச்சு. புதன்கிழமைன்னு வைங்க, அம்மா ஊர்ல இல்லன்னு வைங்க, டியூஷன்னு சொல்லிட்டுக் கிளம்பினா யாருக்கும் சந்தேகம் வராதுன்னும் அதுதான் சொல்லுச்சு. சீனுக்குத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். சைக்கிள் நேராப் போனதும் புரிஞ்சுபோச்சு."

பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மையில் என் மகளின் குண்டு எழுத்து: 'தப்பு அங்கிள். செகண்ட் ஷிப்ட் அப்பா காலைல வரமாட்டார், நைட் பத்து மணிக்கே வந்துடுவார். காலைல வந்தா அது நைட் ஷிப்ட்.' இதைப் படிக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும்.

லாட்ஜில் பெற்றோரைக் கீழேயே நிறுத்திவிட்டு, குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்களாம். என் மகள் வரிசையில் மூன்றாவதாக நின்றிருக்கிறாள். கதவருகே நின்றவனிடம் "இது என் பொண்ணு" என்று சொல்லி அவர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

டீக்கடைக்காரர் எங்கள் எல்லாருக்கும் டீ போட்டார். அறைச் சுவரில் மாட்டியிருந்த படத்துப் பையன் யார் என்று அவரிடம் கேட்டேன். "நான்தான்," என்றார். ஏழு வயதிலிருந்து சினிமாவில் நடித்தவராம். அழு என்றதும் அழுவாராம், அதனாலேயே நிறைய அழைத்திருக்கிறார்கள். குரல் உடைந்ததும் அழைப்பு நின்றுபோனது. பிறகு சீரியல்களில் உதவியாளர், அப்புறம் எழுத்து. வசனம் அவருடையது, திரையில் ஓடுவது வேறொருவர் பெயர். எழுதியதைப் பெண் குரலிலும் ஆண் குரலிலும் பேசிப் பார்த்த பிறகுதான் சென்னைக்கு அனுப்புவாராம்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பட்டன் பிய்ந்த சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "இனிமேலும் பாப்பாவை மாடிக்குத் தனியா அனுப்பமாட்டேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றேன். அந்த நேரத்தில் அது எவ்வளவு மோசமான பேச்சு என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அனுப்பாதீங்க சார்," என்றார் அவர். டீயைக் கீழே வைத்தார். "ஒம்பது வயசுல ஒருநாள் செட்லயே தூங்கிட்டேன். எல்லாரும் பேக்கப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் வேற வண்டில வந்துடுவேன்னு எங்கப்பா நெனச்சாராம். வாட்ச்மேன்தான் எழுப்பிவிட்டாரு. எனக்காக யாரும் யார் சட்டையையும் பிடிச்சதில்ல சார்."

இன்றும் தெரியாத எண் ஒளிர்ந்தால் என் விரல் முதலில் சிவப்புப் பொத்தானுக்குத்தான் போகிறது, என் மகளை எனக்குத் திருப்பிக் கொண்டுவந்தவரை நான் இரண்டு முறை துண்டித்தேன் என்பது அப்போது ஞாபகம் வர, எடுத்து, "யாருங்க?" என்று கேட்கிறேன்.