பெற்றிசியா மச்சாளின் ஊமை ஆட்டம்

என் அண்ணன் தோமஸின் மனைவி பெற்றிசியா மச்சாளுக்கு எந்த டொக்டராலும் மாற்ற முடியாத ஒரு வருத்தம் இருந்தது. அதற்குப் பெயர் விடுப்பு, ஊர்ப்புதினம் அறிகிற ஆசை. ஒழுங்கையில் ஒரு ஓட்டோ வந்து நின்றால், இறங்கியது யார், யார் வீட்டுக்கு, பையில் என்ன என்று அறியாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. மச்சாள் அறிந்து வந்து சொல்வதைக் கேட்பேன், அவ்வளவுதான்.

இரண்டாவது வருத்தம் பிறசர், இரத்த அழுத்தம். மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உடம்பை அசைக்காட்டி ஒருநாள் கையும் காலும் இழுத்துப்போடும். விடிய எழும்பி நடவுங்கோ அம்மா."

மச்சாள் நடந்தார். நானும் துணைக்குப் போனேன். எங்கள் ஊர் பனங்கட்டுகொட்டிலிருந்து கடற்கரைக்குப் போய்வர எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் மச்சாள் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்றார். ஒரு வீட்டில் என்ன சமையல், இன்னொரு வீட்டில் ஏன் சண்டை. வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தோம். நடந்தது கொஞ்சம், நின்றது மிச்சம். அடுத்த மாதம் பிறசர் இன்னும் கூடியிருந்தது.

அது போர் நின்று, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நம்பினோமோ இல்லையோ, வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த மச்சாளின் தங்கை சொக்லேற்றோடு ஒரு சீடியும் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள்ளேயே பாட்டுக்கு ஆடி உடம்பைக் குறைக்கிற சீடியாம். அட்டையில் மினுமினுக்கிற இறுக்கமான உடுப்போடு பெண்கள் வரிசையாக நின்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்கள்.

"இவளவைக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?" என்று கேட்டார் மச்சாள். அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அவர் சீடியைப் போட்டார். பிறசருக்காக அல்ல.

முதல் நாட்களில் அவர் ஆடவேயில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி பார்த்தார். முன்வரிசைக்காரிக்கும் பின்வரிசைக்காரிக்கும் ஏதோ கோபம் என்று கண்டுபிடித்தார். மூலையில் நிற்கிறவள் பிள்ளை பெற்று அதிக நாளாகவில்லை என்றார். பலகை போட்ட அந்த நிலத்தை யார் துடைப்பது என்று யோசித்தார். "மச்சாள், இது உங்களுக்கு விடுப்புப் பார்க்கத் தந்த சீடி இல்லை. எழும்பி ஆடுங்கோ" என்று நான் சினந்த பிறகுதான் வீட்டில் போடுகிற சோட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழும்பினார்.

எழும்பியதும் செய்த முதல் வேலை, சத்தத்தை முழுதாகக் குறைத்ததுதான்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் செபஸ்தியம்மா அக்கா வீடு. ஐந்து வருடங்களுக்கு முன் அவருடைய ஒரே மகன் டெஸ்மன் கடலுக்குப் போனான். வள்ளமும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. என்ன நடந்ததென்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் எங்கள் ஒழுங்கையில் றேடியோ பாடாது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் யாராவது மெல்லச் சத்தத்தைக் கூட்டுவார்கள், பிறகு எல்லோரும் கூட்டுவார்கள். டெஸ்மனுக்கு உடல் இல்லை, அடக்கம் இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. ஆகவே எப்போது கூட்டலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்திக்கு மட்டும் கூட்டுவோம், பாட்டு என்றால் குறைத்துவிடுவோம். அந்த மனுசி வேறு ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரியோடு போவார். அவர் மனதை நோகப்பண்ணிப் பாட்டுக் கேட்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே மச்சாள் யன்னலையும் சாத்திவிட்டு ஊமையாக ஆடினார். பாட்டில்லாத ஆட்டத்தைப் பார்த்தால் தேள் கொட்டின ஆட்கள் துள்ளுவதுபோல இருக்கும். ரீவிக்காரிகள் வலப்பக்கம் திரும்பினால் மச்சாள் இடப்பக்கம் திரும்புவார். அவர்கள் கைதட்டி முடித்த பிறகு இவர் கை தட்டுவார், அதையும் சத்தம் வராமல். விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "இஞ்சரப்பா, டொக்டருக்குக் காட்டவோ, கட்டாடிக்குக் காட்டவோ?" என்று கேட்டார். பேய் ஓட்டுகிறவரைத்தான் அண்ணன் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து நானும் பின்னால் நின்று ஆடத் தொடங்கினேன்.

அப்படி ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போது, "என்ன, ஊமைக்கூத்தே நடக்குது?" என்று ஒரு குரல்.

வாசலில் செபஸ்தியம்மா அக்கா. கையில் முருங்கைக்கீரை.

மச்சாளுக்குத் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. பிள்ளையைத் தொலைத்தவரின் வேலியோரம் நின்று கூத்தாடிக்கொண்டிருக்கிறோமே!

"ஒண்டுமில்லையக்கா, பிறசருக்கு டொக்டர் சொன்னவர்…" என்று மச்சாள் சோட்டியை இழுத்துவிட்டார்.

"நல்லதுதானே. நான் வேலிப் பொட்டுக்குள்ளாலை எத்தினை நாளாப் பாக்கிறன். யன்னலைச் சாத்தினாலும் கண்ணாடிக்குள்ளாலை தெரியுது, சீலை விலகித்தானே கிடக்குது. ஆடுறியள், பாட்டைக் காணேல்லை. ஏனெண்டு விளங்காமல் எனக்கு மண்டை வெடிக்குது. அதுதான் கேக்க வந்தனான்."

விடுப்பு மச்சாளுக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரீவியிலை சத்தம் பழுதக்கா."

"பழுதோ? ராத்திரிச் செய்தி என்ர குசினி வரைக்கும் கேட்டுதே?"

பொய்யை வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. "உங்களுக்காகத்தான் அக்கா குறைக்கிறது. உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு ஒழுங்கை முழுக்க அப்பிடித்தான்" என்றேன்.

செபஸ்தியம்மா அக்கா கீரையை மேசையில் வைத்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது.

"செத்தவீட்டுக்குத்தானே பாட்டை நிப்பாட்டுறது? என்ர வீட்டிலை ஆர் செத்தது? சொல்லு பாப்பம், ஆர் செத்தது?"

மச்சாள் கீரைக்கட்டை அங்குமிங்கும் நகர்த்தினார், அக்கா விடவில்லை.

"ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்தவையின்ர பேரெழுதேக்கை நான் ஒருநாளாவது அவன்ர பேரைக் குடுத்தனானே? துலைஞ்சதைத் தேடித் தாருங்கோ எண்டுதானே அந்தோனியாரிட்டைப் போறன். நான் மெழுகுதிரி கொளுத்தக் கொளுத்த, நீங்கள் றேடியோவைக் குறைச்சுக் குறைச்சு என்ர பிள்ளையைக் குழியிலை தாட்டுப்போட்டியள்."

மச்சாள் அழத் தொடங்கிவிட்டார். எனக்கும் தாங்க முடியவில்லை. நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில் ஐந்து வருடமாக அந்தத் தாய்க்கு நாங்கள் செய்துவந்தது இதுதானா?

"அவன் நாளைக்கு வந்து ஒழுங்கையிலை இறங்கி, ஒரு வீட்டிலையும் பாட்டுக் கேக்காட்டி என்ன நினைப்பான்? அம்மா செத்துப்போச்செண்டு பயந்துபோவானெல்லே?"

சொல்லிவிட்டு றிமோட்டை எடுத்தார். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமத்தினார். படம் நின்றது, ஓடியது, பிறகு ஒரேயடியாக மேளம் அதிர்ந்தது. அண்ணன் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அக்கா சாவகாசமாகக் கதிரையில் இருந்துகொண்டு, "அந்த மூலையிலை நிக்கிற பிள்ளை இப்பதான் பிள்ளை பெத்தவள் போல, என்ன?" என்றார்.

மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆடினார். பாட்டோடு ஆடியபோதும் கால் பிழைத்தது, ஆனால் கொஞ்சம் குறைவாக. அன்று பின்னேரம் முன்வீட்டு றேடியோவும் பாடியது.

மச்சாளின் பிறசர் குறைந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைந்தது. சத்தத்தைக் குறைப்பதற்குத்தான் பிறகு வழியிருக்கவில்லை. விடிந்து சீடி ஓடத் தொடங்கினால் போதும், வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து குரல் வரும்.

"பெற்றிசியா, இன்னும் கூட்டு பிள்ளை! றோட்டு வரைக்கும் கேக்கவேணும்!"