பந்தல் வாசலில் கழற்றிய கிடாத்தாடி

ஆண்கள் பாவாடை கட்டினால் அதற்கு முன்னால் ஒரு பை தொங்க வேண்டுமா, வேண்டாமா என்று என் கல்யாணத்தில் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் சண்டை போட்டார்கள். இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்கிறார்கள். இத்தனை அசட்டுத்தனமான கதையைக் கட்ட எனக்குச் சாமர்த்தியம் போதாது. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். மாப்பிள்ளை வீடு சேந்தமங்கலத்துப் பக்கம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, தாய்மாமன்தான் சகலமும். அந்த மாமன் ஒரு தடவை மாடு விற்கப் பெங்களூர் போயிருக்கிறார். அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டு ஒன்று பாவாடை கட்டிக்கொண்டு ஊதிப் போனதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஊருக்கு வந்த பிறகு மாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுப் பாவாடையைப் பற்றியே பேசினாராம்.

அவருடைய நல்ல காலம், எங்களுடைய கெட்ட காலம், சேலத்தில் ஒரு பேண்டு செட்டார் பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய உடுப்புகளை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். தறி ஓய்ந்திருக்கிற நாட்களில் கல்யாணங்களுக்கு ஊதப் போவார்கள். கட்டம் போட்ட முரட்டுக் கம்பளிப் பாவாடை, முழங்கால் வரைக்கும். முன்னால், இடுப்புக்குக் கீழே நட்டநடுவில், வாரில் கோத்த ஒரு தோல் பை. பையின் மேல் வெள்ளைக் குதிரை மயிர் கொத்தாகத் தொங்கும், அதில் இரண்டு கறுப்புக் குஞ்சம் வேறு. எங்கள் ஊர் ஜனங்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்குக் கிடாத்தாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கமான மேளக்காரர்களை வேண்டாம் என்று மாமன் சொல்லியனுப்பிவிட்டார். அவர்களுக்கு ரோஷம் வந்து வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஆக, தாலி கட்டும்போது சத்தம் எழுப்ப எங்களுக்கு இருந்தது இந்தப் பாவாடைப் பட்டாளம் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்து இறங்கின. பேண்டுக்காரர்கள் ஊதிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அந்தப் பையைப் பார்த்ததும் முகம் கோணிப்போயிற்று.

"ஏனுங்க, இதென்ன கூத்து? பொம்பளைங்க நிக்கற எடத்துல இடுப்புக்கு முன்னால மசுரத் தொங்கப் போட்டுக்கிட்டு! தோலு பந்தலுக்குள்ள வரப்படாதுங்க. அதக் கழட்டச் சொல்லுங்க."

"கழட்டறதா?" என்றார் மாமன். "பையில்லாம கட்டுனா அது வெறும் பொம்பளப் பாவாடைங்க. பை இருந்தாத்தான் சிப்பாய் உடுப்பு. அரைகொறையா உடுத்தி எம்பட மானத்த வாங்காதீங்க."

"உங்க மானம் மசுர்ப் பையிலயா இருக்குது?"

இப்படி ஆரம்பித்தது. தோல் ஆகாது என்றால் மேளமும் தோல்தானே என்று மாமன் கேட்டார். மேளத்துத் தோல் வேறு, இடுப்புத் தோல் வேறு என்றார் பெரியப்பா. இதைச் சொன்னபோது பெரியப்பாவின் வேட்டி மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் வார், அதில் பணம் வைக்க ஒரு தோல் பை. மாமன் இடுப்பிலும் அதே வார், அதே பை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பேண்டுக்காரனுக்குப் பை ஆகுமா ஆகாதா என்று கத்தினார்கள். உள்ளே ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது.

ஏன் பயம் என்றால், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் கல்யாணமும் இதே வாசலில்தான் நடக்கவிருந்தது. எந்த வீட்டுக் குடை முன்னால் போவது என்று சண்டை வந்து, பேசிப் பேசி முகூர்த்தம் தவறி, மாப்பிள்ளை வீட்டார் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அத்தையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. குடைக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் பிள்ளை குட்டியோடு சௌக்கியமாக இருந்தார்கள். அத்தைக்கு மட்டும் ராசி இல்லாதவள் என்று பெயர். நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாது, பந்தலுக்குள் கால் வைக்கக்கூடாது. அந்தக் குடைச் சண்டையை வளர்த்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே சத்தம் ஏற ஏற அத்தையின் விரல்கள் என் பின்னலில் நின்று நின்று போயின. "ஒன்னுமில்ல கண்ணு, செரியாப் போயிரும்" என்றாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

மாப்பிள்ளை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மாமன் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை.

கடைசியில் சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஊர்வலத்தில் பை இருக்கலாம், பந்தல் வாசலில் செருப்போடு செருப்பாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். இரண்டு பேரும் மீசையைத் தடவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அந்தப் பை எதற்காகத் தொங்குகிறது என்று அங்கே ஒருவராவது யோசித்திருந்தால்! யோசிக்கக்கூட வேண்டாம், பாவாடை கட்டிப் பழகிய யாரையாவது கேட்டிருந்தால் போதும். ஆனி மாதத்தில் எங்கள் மேட்டில் அடிக்கிற காற்றில் மாடு மேய்க்கப் போகிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும், சாணிக் கூடையை முன்னால் தாழ்த்திப் பிடிக்காவிட்டால் பாவாடை தலைக்கு மேலே போய்விடும் என்று. வீடு நிறையப் பாவாடை கட்டியவர்கள். ஆனால் பாவாடையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது வேட்டி கட்டியவர்கள்.

மறுநாள் காலை ஆனிக் காற்று எழும்பிவிட்டது. மணப்பெண் நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்பதால் எனக்குப் பேண்டுக்காரர்களின் முகம் தெரியவில்லை, முழங்கால்கள்தான் தெரிந்தன. தாலி தட்டில் வந்தது. அருமைக்காரர் கையைத் தூக்கி, "கொட்டுங்க மேளம்!" என்றார். மேளம் ஒரு தடவை முழங்கிற்று. அதே சமயம் பந்தலின் மேற்குத் தட்டியைத் தள்ளிக்கொண்டு காற்று உள்ளே வந்தது. குனிந்த தலையோடு நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பாவாடைகளும் ஒரே வீச்சில் மேலே போயின.

உள்ளே கோவணம் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர்க் காட்டில் கோவணத்தோடு ஏர் ஓட்டாத ஆம்பிளை கிடையாது, அதை ஒரு பெண்ணும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பந்தலில் பார்த்துவிட்டால் குடி முழுகிப்போகுமே! பேண்டுக்காரர்கள் ஊதுகுழலை விட்டுவிட்டுப் பாவாடையைப் பிடித்தார்கள். மேளம் அடிப்பவரும் குச்சியைப் போட்டுவிட்டு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பந்தலில் வாத்தியம் நின்றுபோயிற்று.

"மேளமில்லாமத் தாலி ஏறப்படாது" என்றார் அருமைக்காரர். தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை அதைப் பிடித்தபடியே மாமன் முகத்தைப் பார்த்தார்.

"நாஞ்சொன்னேன், பை வேணுமின்னு!" என்று மாமன் எழுந்தார். "இந்த உடுப்பே வேண்டாமின்னு நாஞ்சொன்னேன்!" என்று பெரியப்பா எழுந்தார். நேற்று விட்ட இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குடை ஞாபகம் வந்தது. நானும் இந்த வீட்டு அடுப்படியில் கிழவியாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் முன்னால் ஒரு பழைய சேலையின் ஓரம் போயிற்று. நிமிர்ந்துவிட்டேன். அத்தை. பந்தலுக்குள் கால் வைக்கக்கூடாத அத்தை, வாசலில் செருப்புகளோடு கிடந்த கிடாத்தாடிகளை வாரி இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு நடுப்பந்தலில் நின்றாள்.

"கட்டுங்க சாமி, சீக்கிரம் கட்டுங்க! கட்டீட்டு ஊதுங்க!"

ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போட்டாள். அவர்கள் அவசர அவசரமாக வாரை மாட்டினார்கள். பையின் கனத்தில் பாவாடை அடங்கிற்று. பின்னால் பறந்ததைப் பற்றிக் கவலைப்பட அவர்களுக்கு நேரமில்லை. மேளம் முழங்கிற்று. ஊதியது என்ன பாட்டோ தெரியாது, எனக்கு அதைவிட நல்ல பாட்டு பிறகு கேட்கக் கிடைக்கவில்லை. தாலி ஏறியது.

பிறகு? பந்தியில் பெரியப்பா, தம் பேச்சுப்படி எல்லாரும் வாசலில் பையைக் கழற்றினார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டார். மாமன், தம் பேச்சுப்படி எல்லாரும் பந்தலில் பையைக் கட்டிக்கொண்டார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது திட்டு. ராசி கெட்டவள், தோலைத் தொட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாளாம். கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஈரச் சேலையோடு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றாள். நான் வண்டி ஏறும்போது எதிரே வரக்கூடாதே, அதனால் அங்கேயே நின்றாள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் என் புருஷனிடம் முதல் பேச்சுப் பேசினேன். "ஏனுங்க, நம்ம ஊட்டுல எந்த விசேசம் வந்தாலும் எங்கத்தை முன்னால நிக்கோணும்."

அவர் முன்னால் போகிற மாமன் வண்டியைப் பார்த்தார். "மாமங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"அப்ப வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. எறங்கிக்கறேன்."

"செரி, செரி, மெதுவாப் பேசு" என்றார். நியாயம் தெரிந்து ஒத்துக்கொள்ளவில்லை, மாமன் காதில் விழுந்துவிடுமே என்று ஒத்துக்கொண்டார். எப்படியோ ஒத்துக்கொண்டார்.

என் மூத்த பெண்ணுக்குக் காது குத்திய அன்றும் ஆனிக் காற்றுதான். அத்தையைக் கூட்டிவந்து நடுப்பந்தலில் நிறுத்தினேன். ராசி கெட்டவள் நிற்கிற இடத்தில் தான் இருக்க முடியாது என்று மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். என் புருஷன் அவர் போன வழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மாமன் காலி செய்த ஜமுக்காளத்தில் வேறு ஆளை உட்காரச் சொன்னேன்.

குழந்தைக்கு அன்றைக்குத்தான் முதல் பாவாடை. அது பறக்காமல் அத்தை ஒரு கையால் முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.