காற்று வாயில் சாமந்தி

என் அண்ணனுக்கு வாக்குக் கொடுப்பது வெற்றிலை மெல்லுவது மாதிரி. "இந்த வண்டி சூடாவாம வெள்ளிமல ஏறட்டும்டா, கெடங்கு முன்னாடி கீற எடத்த ஒனக்கே வுட்டுடறேன். பட்டற போட்டுக்கோ" என்றான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், அவனுடைய மக்காச்சோளக் கிடங்குக்கு முன்னால் சும்மா கிடந்த இடம் அது. அடுத்தவன் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தே எனக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்த இடத்துக்காகத்தான் ஒரு மழைக்காலம் முழுக்க அவன் வண்டிக்கு உழைத்தேன். தம்பி பாசம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கடையில் வாங்கிய வண்டியல்ல அது. பந்தயக் கார் போலத் தாழ்வான ஃபைபர் பாடியும் சட்டமும் தனித்தனியாக லாரியில் வந்து இறங்கின. ஒரு பழைய காரின் இன்ஜினை இருக்கைக்குப் பின்னால் நாங்களே பொருத்தினோம். ரேடியேட்டரும் பின்னால்தான். கதவுகளுக்குப் பின்புறம் காற்று நுழையும் வாய் போல பக்கத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. எல்லாம் அழகுக்கு. உள்ளே துளையே இல்லை. கச்சிராயபாளையம் போய்ச் சேர்வதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

எங்கே, எப்படித் திறப்பது? பள்ளத்தைச் சுற்றி நூல் துண்டுகளை ஒட்டி, அண்ணனை உளுந்தூர்பேட்டைச் சாலையில் ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பைக்கில் பக்கத்திலேயே போனேன். நூலெல்லாம் அப்படியே படுத்துக் கிடந்தது. காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெளியே துருத்திக்கொண்டு முன்பக்கமாகத் திறந்திருந்தால்தான் காற்று மாட்டும். தெர்மாகோலில் அச்சு செதுக்கி, ஃபைபர் துணியும் ரெசினும் பூசி, யானைக் காது மாதிரி இரண்டு காற்று வாய்கள் செய்தேன். தேய்த்த தூளில் கழுத்தெல்லாம் அரிப்பு. பாடியை வெட்டும்போது அண்ணன் "பாத்துடா, பாத்துடா" என்று உயிரை எடுத்தான். உள்ளே ரேடியேட்டர் வரை தகரத்தில் வழி செய்து, குப்பை போகாமலிருக்க வாயில் கம்பி வலை அடித்தேன். மத்தியான வெயிலில் கச்சிராயபாளையம் போய்த் திரும்பினோம். முள் பாதியைத் தாண்டவில்லை.

வெள்ளிமலைக் கோயிலுக்குக் கிளம்பும் அன்று பூஜை. எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. வண்டியின் மூக்கு வழவழவென்று இருந்ததால் மாலை கட்ட அங்கே பிடிப்பில்லை. அண்ணன் நேராக வந்து, இரண்டு காற்று வாய்களின் வலையிலும் சாமந்தி மாலையை மடித்து மடித்துக் கட்டினான்.

"ண்ணா, அங்க வேணாம். காத்து போவாது."

"இன்னாடா நீ? சாமிக்குப் படைச்சிப் போட்ட மாலய கோயிலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"கெளம்பும்போது அபசகுனமா பேசாதடா" என்றாள் அம்மா.

வண்டியில் நாங்கள் இருவர். பின்னால் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள். மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முள் எழுந்தது. நிறுத்தச் சொன்னேன். "வேன்ல எல்லாரும் பாத்துக்கினு வராங்கடா" என்று இன்னும் மிதித்தான். வெள்ளிமலைக்கு முன்பே பின்னாலிருந்து ஆவி பீறிட்டு, இன்ஜின் அடங்கிவிட்டது.

வேன் நின்று எல்லோரும் இறங்கினார்கள். "இவன் ஓட்ட போட்ட லட்சணத்தப் பாருங்க. நல்லா கீற வண்டிய குட்டிச்சுவராக்கிட்டான்" என்றான் அண்ணன். வலையில் அப்பிக்கொண்டிருந்த பூவைக் கை நிறையப் பிய்த்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சாமி பூ மேல பழி போடாத" என்றாள் அம்மா. பூவை அங்கேயே போட்டேன். எதிரே இறங்கி வந்த பேருந்தில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த இடத்தில் இப்போது அண்ணன் மைத்துனன் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். நான் இன்னும் அடுத்தவன் பட்டறையில்தான் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சூட்டில் போன கேஸ்கெட்டை மாற்றி அண்ணன் அந்த வண்டியை ஓட்டுகிறான். நான் வைத்த காற்று வாய்களைத் தொடவில்லை. யார் போட்டது என்று கேட்டால் கோயம்புத்தூரில் போட்டது என்கிறானாம். போன ஆயுத பூஜைக்கு மறுநாள், அந்தப் பரோட்டாக் கடைக்கு எதிரே பேருந்துக்காக நின்றிருந்தேன். அவன் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வண்டி முழுக்கப் பூ. ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் போய், காற்று வாய்களில் யாரோ கட்டியிருந்த மாலைகளைத் தன் கையாலேயே அவிழ்த்து, பக்கத்து இருக்கையில் வைத்தான். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தான். பார்க்காதவன் போலக் கதவைச் சாத்திக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டான்.