ஆடிக்கு லீவு விட்ட ரிட்டர்ன்

செல்வி அக்காவின் பில் புக்கைத் திறந்தாலே ஸ்பிரே பெயின்ட் வாசனை குப்பென்று அடிக்கும். பில்லுக்குப் பில் தங்க நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும். தெர்மாகோல் மயிலுக்குத் தங்கம் அடித்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் பில் போட்டிருப்பார்.

கல்யாண மேடை அலங்காரம்தான் அக்காவின் தொழில். ஊர் கச்சிராயபாளையம். நான் அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜிஎஸ்டி வந்து ஒரு வருஷம் இருக்கும்... எங்களுக்கே பாதி புரியாது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு மண்டபத்துக்காரர், ஜிஎஸ்டி பில் கொடுத்தால்தான் ஆர்டர் என்று சொன்னதால் அக்கா ஜிஎஸ்டி நம்பர் வாங்கினார். அவருடைய வியாபார அளவுக்கு அது கட்டாயமே இல்லை. வாங்கிவிட்டால் ஒரு பைசா வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் கணக்கு காட்டி ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அதை யாரும் அவருக்கு உறைக்கிற மாதிரி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

ஏனென்றால் போன் நோட்டு என்னிடம் இருந்தது. அதில் உள்ள பெயர்களுக்கெல்லாம் மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் போன் செய்து, "பில்லை எடுத்துக்கினு வாங்க" என்று நச்சரிப்பதுதான் என் வேலை.

ஆனி கடைசியில் அக்காவே போன் செய்தார்.

"பாப்பா, ஆடி பொறக்கப் போவுது. ஒரு முகூர்த்தம்கூட கெடையாது. ஆடி முடியிற வரைக்கும் எனக்கு போன் பண்ணாத, இன்னா?"

"சரிக்கா."

சரி என்று சொல்லி, நோட்டில் அவர் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன்!

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? கல்யாணம் இல்லை, மேடை இல்லை, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்? கம்ப்யூட்டருக்கு ஆடி தெரியாது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. ஜூலை இருபதுக்குள் போட வேண்டியது ஜூன் மாதக் கணக்கு. அக்காவுக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் முகூர்த்தம் நடந்த மாதம் அது.

ஆவணி பிறந்தது. அக்கா மறுபடியும் மேடை மேடையாக ஓடிக்கொண்டிருந்தார். கோடு போட்ட பெயரைத் திரும்ப எழுத நான் சுத்தமாக மறந்துபோனேன். அடுத்த மாத ரிட்டர்னும் போடாமலே போனது.

செப்டம்பரில் ஒரு நாள் அக்கா நேரில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டியானை லோடு வண்டி பார்த்து, அட்வான்சும் கொடுத்துவிட்டாராம். மலைமேல் கரியாலூரில் ஒரு கல்யாணம் என்றால் மலை ஏறி இறங்கும் வண்டி வாடகையே பாதிக் காசைத் தின்றுவிடும். சொந்த வண்டி இருந்தால் அது மிச்சம்.

"லோனுக்கு ரிட்டர்ன் காப்பி கேக்குறாங்க பாப்பா. சீக்கிரம் பிரின்ட் போட்டுக் குடு. மேனேஜர் வரச் சொல்லிக்கினு இருக்காரு."

ஜிஎஸ்டி சைட்டைத் திறந்தேன். ஜூன் இல்லை... ஜூலையும் இல்லை.

லேட் ஃபீ நாளுக்கு ஐம்பது ரூபாய், வட்டி தனி. ஆடிட்டர் சார் எழுந்து வந்து என் மேஜை முன் நின்றார்.

"யாரும்மா இவங்களுக்கு போன் பண்ணாம விட்டது?"

நோட்டு மேஜை மேல்தான் விரிந்து கிடந்தது. நான் தலையைக் குனிந்து லேட் ஃபீயைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவ இன்னாத்துக்கு சார் திட்றீங்க? அது போன் பண்ணிச்சு. நான்தான் எடுக்கல" என்றார் அக்கா.

பொய். சுத்தப் பொய். ஏதோ மறதியில் சொல்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஆறு மாதம் தேதி தவறாமல் ரிட்டர்ன் போட்டுவிட்டு வரச் சொல்லி பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குட்டியானையை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது. அப்புறம் இரண்டு வருஷம் அக்கா வாடகை வண்டியில்தான் மலையேறினார்.

இப்போது எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறது. ஜிஎஸ்டி நம்பர் கேட்டு வருகிறவர்களிடம், உங்களுக்கு அது நிஜமாகவே தேவையா என்றுதான் முதலில் கேட்பேன். தேவை என்றால், கடைக்கு லீவு விடலாம், ரிட்டர்னுக்கு விடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்வேன். தொழிலையே விட்டுவிட்டால் விண்ணப்பித்து நம்பரை ரத்து செய்துவிடுங்கள், சும்மா போட்டு வைக்காதீர்கள் என்பேன்.

அன்று அவ்வளவு பாடு. இன்று வியாபாரம் இல்லாத மாதத்துக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸிலேயே ரிட்டர்ன் முடிந்துவிடுகிறது. நோட்டும் இல்லை. சாஃப்ட்வேரே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பிவிடும், யார் பெயரும் விடுபடாது. செல்வி அக்காவுக்கு மட்டும் இன்னும் நானே போன் செய்கிறேன்.

இந்த வருஷம் ஆடி ஒன்றாம் தேதி பேசும்போது, என்ன தோன்றியதோ... சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு தப்பு என்னோடது. உங்க பேர அடிச்சிட்டு திரும்ப எழுதவே இல்ல."

அந்தப் பக்கம் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கும் சத்தம் நின்றது.

"தெரியும் பாப்பா. நோட்டு தொறந்துதான கெடந்துச்சு. என் பேரு மேல கோடு போட்டிருந்தத நான் பாக்காமயா இருப்பேன்? சொல்லியிருந்தா சாரு அப்பவே உன்ன வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு. நானும்தான போன் பண்ணாதன்னு சொன்னேன். வண்டி அப்பால வாங்கிக்கலாம்னு வுட்டுட்டேன். வாங்கிட்டேன்ல?"

டப்பா மறுபடியும் குலுங்கியது.

"அது கெடக்கட்டும். ஜூன் மாசக் கணக்கு போட்டுட்டியா இல்லியா?"

"போட்டாச்சுக்கா" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.