திருப்பூரிலிருந்து வந்த கையெழுத்து

அன்றைய பெற்றோர் கூட்டத்துக்கு ஏழாம் வகுப்பில் எல்லாருடைய அம்மாவோ அத்தாவோ வந்திருந்தார்கள். யாஸ்மின் வீட்டிலிருந்து மட்டும் அவள் அக்கா வந்திருந்தாள். ஒத்தக்கடைப் பக்கம் அந்த இஸ்லாமியப் பள்ளியில் நான் வாத்தியாராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

“அம்மாவால வர முடியாது சார்...” என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நின்றது. “பிள்ளை படிப்புல இம்புட்டுதான் அக்கறையா? பெரியவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ரிப்போர்ட் கார்டு” என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து திருப்பூரிலிருந்து அவர்கள் மாமா வந்து நின்றார். “யாஸ்மின் அத்தா மௌத்தாகி ரெண்டு மாசம்தான் ஆச்சு சார். அவ அம்மா, எங்க அக்கா, இத்தா இருக்கு. புருஷன் எறந்தா நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. போன்ல ஒரே அழுகை. கையெழுத்து நான் போடலாமுல்ல?”

ரிப்போர்ட் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கூலி போய்விடுமென்று என் அம்மா ஒரு நாளும் என் பள்ளிக்கு வந்ததில்லை. அதற்காக எந்த வாத்தியாரும் அவளை அக்கறையில்லாதவள் என்று சொன்னதில்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் உட்கார வைத்து, சொல்வதை முழுசாகக் கேட்டபிறகுதான் ரிப்போர்ட் கார்டையே எடுக்கிறேன். அந்த ஒரு கையெழுத்துக்கு அவர்களுக்கு ஆன செலவையும் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பஸ் காசும் பனியன் கம்பெனியில் போன ஒரு நாள் சம்பளமும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்.